தொங்கல் இல்லை

என் கையெழுத்து நன்றாக இருக்கும், ஐயா. நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டதற்கு அது ஒன்றுதான் காரணம். சற்று முன் நான் சொல்லச் சொல்ல உங்கள் எழுத்தர் எழுதிய பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். நான் 'கம்பி' என்று சொன்ன இடமெல்லாம் 'தம்பி' என்று விழுந்திருக்கிறது. 'வியாழக்கிழமை மாலை பழைய தம்பியை வெட்டினேன்' என்று அதில் கையெழுத்துப் போட்டால், செய்யாத கொலைக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் மேல் தப்பில்லை. அவசரத்தில் எழுதினால் யாருக்கும் அப்படித்தான் வரும்.

எனக்கு இருபத்திரண்டு வருடமாகக் கம்பி வேலை. அதில் கடைசி மூன்று வருடம் ஒரே வேலைதான். கடைகள், அலுவலகங்கள், கிடங்குகள் என்று போய், அங்கே இருக்கிற பழைய இணையத் தொடர்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவது. பழையது செம்புக் கம்பி. டெலிபோனும் இன்டர்நெட்டும் அதிலேயே ஆமை மாதிரி வந்துகொண்டிருந்தன. புதியது கண்ணாடி இழை, ஃபைபர். மாற்றித் தருகிறோம் என்றால் ஓடி வந்து கட்டிக்கொள்வார்கள் என்று நினைப்பீர்கள். ஒருவரும் அப்படிச் செய்ததில்லை. "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே" என்பார் தையல் கடைக்காரர். அச்சக முதலாளி ஒருவர், "பக்கம் திறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுவேன். அந்த நிம்மதியையும் பிடுங்கறீங்களா?" என்று கேட்டார். அவர்களைச் சிரிக்க வைத்துச் சம்மதிக்க வைப்பதில் எனக்கு நல்ல பெயர். என் பட்டப்பெயர் 'அச்சு'. அச்சடித்தது போல எழுதுவேன் என்பதால் வந்தது.

இப்போது ஒரு சொல்லை உங்களுக்கு விளக்க வேண்டும். தொங்கல்.

செம்புக் கம்பியில் ஒரு நல்ல குணம் உண்டு. அது தன் மின்சாரத்தைத் தானே கொண்டுவரும். ஊரில் கரண்ட் போனாலும் பழைய டெலிபோன் வேலை செய்ததே, அதனால்தான். அதை நம்பி அந்தந்தக் காலத்தில் யார் யாரோ வந்து அதில் எதையாவது மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போன், நகைக்கடையின் திருட்டு மணி, பல் மருத்துவரின் கார்டு மெஷின். எந்தக் காகிதத்திலும் இருக்காது. இப்படி ஒட்டிக்கொண்டிருப்பதை நாங்கள் தொங்கல் என்போம். பழைய கம்பியை வெட்டினால் தொங்கலும் செத்துவிடும். புதிய இழையில் ஒளிதான் ஓடும், மின்சாரம் ஓடாது.

அதனால் எங்கள் படிவத்தில் ஐந்தாவது கேள்வி இதுதான்: 'இந்த லைனில் வேறு ஏதாவது தொங்குகிறதா?' உண்டு என்று எழுதினால் அன்றைய வேலை அங்கேயே நின்றுவிடும். தொங்கலுக்குத் தனியாக பேட்டரி வைத்த கருவி வர வேண்டும், கட்டடச் சொந்தக்காரர் கடிதம் தர வேண்டும், ஒருவர் வந்து சோதித்துப் பார்க்க வேண்டும். சாண் ஏறினால் முழம் சறுக்குகிற வேலை. எங்கள் மேலாளர் சுவரில் ஒரு பலகை வைத்திருந்தார். ஒவ்வொருவர் பட்டப்பெயருக்கு எதிரிலும் முடிந்த வேலைக்குப் பச்சை வட்டம், நின்ற வேலைக்குச் சிவப்பு வட்டம். என் வரிசை ஒரே தோட்டமாக இருக்கும். "ஏன்யா அச்சு, உனக்கு வாய்க்கிற ஆளுங்களுக்கு மட்டும் தொங்கலே இருக்காதா?" என்று கேட்டுச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். எல்லோருமே இல்லை என்றுதான் எழுதினோம். அதைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கவில்லை. எல்லோரும் எழுதினார்கள், ஆனால் மற்றவர்கள் கேட்காமல் எழுதினார்கள். நான் கேட்டுவிட்டு எழுதினேன்.

அந்தக் குளிர்க் கிடங்குக்கு நான் போனது ஒரு வியாழக்கிழமை. உறைந்த காய்கறியும் மீனும் ஐஸ்கிரீமும் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருக்கும் இடம். முன்னால் ஒரு சின்ன அலுவலக அறை, பின்னால் குளிர் அறை, நாற்பது அடி தள்ளி வாசல் கேட், கேட்டுக்குப் பக்கத்தில் காவலாளியின் கூண்டு. அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் அக்கா ஒருவர் மட்டும் இருந்தார். வெளியே மண்டை பிளக்கும் வெயில், அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். கையுறையில் விரல் நுனிகளை மட்டும் வெட்டி விட்டிருந்தார், பேனா பிடிக்க வசதியாக. "எங்க வீட்டுக்காரர் என்னை ஃபிரிட்ஜுக்குள்ள வேலை பாக்கறவள்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லுவாரு" என்றார்.

காவலாளியையும் அன்றுதான் முதலில் பார்த்தேன். அறுபதை நெருங்கும் மனிதர். அவரைப் பாம்புச்செவி என்று கூப்பிட்டார்கள். தெருமுனையில் திரும்பும்போதே எந்த வண்டி, யார் ஓட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவாராம். என் வேன் உள்ளே வந்ததும், "தம்பி, பின் சக்கரத்துல ஏதோ உரசுது, பாருங்க" என்றார். குனிந்து பார்த்தேன். ஒரு கம்பித் துண்டு சிக்கியிருந்தது.

நான் வேலையை ஆரம்பித்துப் புதிய பெட்டியைச் சுவரில் பொருத்திக்கொண்டிருந்தபோது அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, உள்ள ஒரு மணி இருக்கு. அதுவும் இதே கம்பியிலதான் ஓடுதுன்னு முன்னாடி வந்தவரு சொன்னாரு."

"என்ன மணிக்கா?"

"குளிர் அறைக் கதவு இருக்குல்ல, உள்பக்கக் கைப்பிடி சில நேரம் உறைஞ்சு பிடிச்சுக்கும். என்ன இழுத்தாலும் வராது. உள்ள ஒரு பட்டன் இருக்கு, அதை அமுக்கினா கேட்டுல மணி அடிக்கும், அண்ணன் வந்து திறந்துவிடுவாரு. அதையும் கொஞ்சம் பாத்துக்குங்க."

"பாத்துக்கறேன்க்கா."

"மறந்துடாதீங்க தம்பி. பெரும்பாலும் உள்ள போறது நான் ஒருத்திதான்."

"மறப்பேனாக்கா?"

மறக்கவில்லை, ஐயா. இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு எவ்வளவோ நல்லது, கேட்கிற உங்களுக்கும் சுலபம். ஐந்தாவது கேள்விக்கு எதிரில் 'இல்லை' என்று எழுதியபோது அந்த மணி என் நினைவில் இருந்தது. திங்கட்கிழமை வேறொரு வேலைக்காக அந்த பேட்டரிக் கருவி ஒன்று என் கைக்கு வருவதாக இருந்தது. அதைக் கொண்டுவந்து சத்தமில்லாமல் மாட்டிவிட்டால் பச்சைக்குப் பச்சையும் ஆச்சு, மணிக்கு மணியும் ஆச்சு என்று கணக்குப் போட்டேன். நடுவில் மூன்று நாள்தானே. அந்த மூன்று நாளும் மணி அடிக்காது என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் கையெழுத்துப் போட மாட்டார்.

படிவத்தை நீட்டினேன். "படிச்சுப் பாக்கணுமா தம்பி?" என்று கேட்டார். "வழக்கமானதுதாங்க்கா" என்றேன். சுழித்துச் சுழித்து, கடைசி எழுத்தின் வாலை நீளமாக இழுத்துக் கையெழுத்துப் போட்டார். தெருமுனையில் இருக்கும் எங்கள் இணைப்புப் பெட்டியைத் திறந்து, மாலை மூன்றரைக்குப் பழைய கம்பியை வெட்டினேன். கேட்டைத் தாண்டும்போது பாம்புச்செவி, "இப்பதான் சக்கரம் சத்தமில்லாம போகுது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்ததும் அதிலிருந்துதான். விடுமுறை நாள். திங்கள் காலை முதலாளிக்கு இருப்புக் கணக்குக் காட்ட வேண்டும் என்று அக்கா மதியம் ஒரு மணிக்கு வந்திருக்கிறார். கூண்டில் உட்கார்ந்து குடைக்கம்பி ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த காவலாளியிடம், "ஒரு மணி நேர வேலைண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறார். இரண்டானது, மூன்றானது. பெட்டிகளை எண்ணுகிறவரை நடுவில் கூப்பிட்டால் எண்ணிக்கை தவறிவிடும், அவருக்குக் கோபம் வரும். ஏதாவது என்றால் மணி இருக்கிறது. அந்த நம்பிக்கையில் காவலாளி குடையைச் சரிசெய்து முடித்திருக்கிறார். நாலு மணிக்கு மனம் கேட்காமல் போய்க் கதவைத் திறந்து, உயிரில்லாமல் கிடந்த அக்காவைப் பார்த்தவரும் அவர்தான்.

பொத்தானின் மேல்மூடி விரிசல் விட்டு உடைந்திருந்தது. அக்காவின் கட்டைவிரலைப் பற்றி மருத்துவர் எழுதியிருப்பதை நான் திரும்ப எழுதவில்லை.

திங்கட்கிழமை காலை கருவியோடு போனேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் போனேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டருகே போலீஸ் வண்டியும் பத்துப் பேரும் நின்றார்கள். வேனின் இஞ்சினை அணைக்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி, ஓரமாக நின்ற ஒரு பெண்ணிடம் என்ன என்று கேட்டேன். சொன்னாள். நான் வண்டியைத் திருப்பித் தெருமுனைக்குப் போனேன். பெட்டியைத் திறந்தேன். வெட்டிய கம்பியின் இரண்டு முனைகளையும் சீவி மறுபடி சேர்த்து, பெட்டியைப் பூட்டினேன். நாலு நிமிட வேலை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று அப்போதே தெரியும். கையில் வேலை இருந்ததால் நடுங்காமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பிறகு வேனில் உட்கார்ந்து வியாழக்கிழமைப் படிவத்தைக் கிழித்தேன். வாரப் படிவங்களைத் திங்கள் மாலைதான் கொடுப்போம், அதனால் அது என்னிடமே இருந்தது. புதிதாக ஒன்று எழுதினேன். தேதி, வியாழன். ஐந்தாவது கேள்விக்கு: 'உண்டு. குளிர் அறையில் அவசர மணி. மாற்று ஏற்பாடு ஆகும்வரை பழைய கம்பியை வெட்டக் கூடாது.' கீழே வாடிக்கையாளர் கையெழுத்து வேண்டும் அல்லவா. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். மற்றவர்களுடையதும் எனக்கு நன்றாக வரும். கடைசி எழுத்தின் வாலை அவர் இழுத்தது போலவே நீளமாக இழுத்தேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடிகிறது, ஐயா. நாலு நிமிடமும் ஒரு காகிதமும் இருந்தால் போதும். எங்கள் மேலாளர் அந்தப் படிவத்தை நகலெடுத்துப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினார். "ஐஞ்சாவது கேள்விக்கு எப்படிப் பதில் எழுதணும்னு எல்லாரும் இதைப் பாத்துக் கத்துக்குங்க" என்று கூட்டத்தில் சொன்னார். கைதட்டினார்கள். எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஆனாலும் எழுந்து நின்று கும்பிட்டேன்.

புதன்கிழமை மணியைச் சோதிக்க வந்தார்கள். லைன்காரன் என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். முதலாளி, அப்போதிருந்த அதிகாரி, அக்காவின் கணவர், எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். காவலாளி தன் கூண்டுக்கு வெளியே நின்றார். மூன்று நாளாக ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: "மணி அடிக்கலைங்க. சத்தியமா அடிக்கலை." அதிகாரி என்னை உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தச் சொன்னார். போனேன். உடைந்த மூடி விரலைக் கீறியது. அழுத்தினேன்.

கணீரென்று அடித்தது. எதிர்க் கட்டடத்திலிருந்து ஒருவர் ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அடித்தது. நான் வெளியே வந்தபோது எல்லோரும் காவலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா அழுத்தியது உண்மை, மணி அடிப்பதும் உண்மை. அப்படியானால் கேட்க வேண்டியவர் தூங்கியிருக்கிறார். அதற்கு மேல் யாருக்கும் யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அக்காவின் கணவர் சண்டைக்குப் போகவில்லை, ஏசவில்லை. "பாம்புச்செவின்னு சொல்லுவாளே உங்களை" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு அந்தப் பட்டப்பெயரை எல்லோரும் கேலிக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். வேலை போயிற்று, வழக்கு வந்தது. மருமகள் தன் குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். காது மருத்துவரிடம் போய்ச் சோதித்துக்கொண்டார். காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதுவே அவருக்கு எதிராகப் போனது. காது கேட்கும் என்றால் தூங்கியதுதானே? இதையெல்லாம் எனக்குச் சொன்னவர் அவரேதான். மாதம் ஒரு முறை அவரைப் போய்ப் பார்த்தேன். போகாமல் இருக்க முடியவில்லை. போனால் உட்கார முடியவில்லை. "எல்லாரும் என்னை விட்டுட்டாங்க தம்பி, நீங்க ஒருத்தர்தான் வர்றீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். வெட்கம் என்றால் என்ன என்று எனக்கு அந்தக் கைதான் கற்றுக்கொடுத்தது.

என் வீட்டில் வாசல் மணியைக் கழற்றிவிட்டேன். "ஊருக்கெல்லாம் லைன் போடுறாரு, சொந்த வீட்டுக்கு ஒரு மணிக்கு வழியில்லை" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை நீங்கள் அழைக்க வேண்டியதில்லை.

சாட்சி வேண்டும் என்றால் சொல்கிறேன். எங்கள் தொழிலில் எங்கே கை வைத்தாலும் அந்த இணைப்பில் ஒரு துண்டுச் சீட்டு கட்டி, தேதியும் பெயரும் எழுத வேண்டும். அடுத்து வருகிறவனுக்கு உதவியாக இருக்கும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அந்தத் திங்கட்கிழமையும், குற்றத்தை மறைக்கப் போனவன், சேர்த்து முடித்ததும் பேனாவை எடுத்துச் சீட்டில் தேதி போட்டுக் கட்டியிருக்கிறேன். திங்கட்கிழமைத் தேதி. அன்று மதியம் சாப்பிடும்போதுதான் நினைவு வந்தது. தெருமுனைப் பெட்டி, மேலிருந்து நாலாவது வரிசை. அச்சடித்தது போல இருக்கும். போய் அவிழ்த்திருக்கலாம், சாவி என் இடுப்பிலேயே தொங்குகிறது. அவிழ்க்கவில்லை. அதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பெட்டியைத் திரும்பத் திறக்க தைரியம் இல்லை. வரும் வெள்ளிக்கிழமையோடு அந்தப் பகுதியின் செம்புக் கம்பி முழுவதையும் நிறுத்துகிறார்கள். பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போடுவார்கள். ஆகவே யாரையாவது அதற்கு முன்பே அனுப்புங்கள். காவலாளிக்குத் தண்டனை சொல்லப்போவது நாளை மறுநாள் என்று கேள்விப்பட்டேன்.

இவ்வளவுதான் என்று நினைத்தேன். நீங்கள் கொடுத்த தாளின் கடைசியில் அச்சிட்டிருக்கிறது: 'வேறு ஏதேனும் கூற உள்ளதா?' கை தானாகப் போய் 'இல்லை' என்று எழுதிவிட்டது. மேலே பாருங்கள், அதை அடித்திருக்கிறேன். பக்கத்தில் சின்னக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். ஒன்று பாக்கி இருக்கிறது.

காவலாளி குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார், தூங்கிவிட்டதாகத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார், ஆகவே வழக்கு முடிந்த மாதிரிதான் என்று வந்தவுடன் என்னிடம் சொன்னீர்கள். ஏன் ஒப்புக்கொண்டார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். என் மனைவி நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடிக்கவில்லை.

"தம்பி, கம்பியைப் பத்தி உங்களுக்குத்தான் தெரியும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு மட்டும் அந்த மணி அடிக்காம இருந்திருக்க ஏதாவது ஒரு வழி உண்டா? ஆயிரத்துல ஒண்ணா இருந்தாலும் சரி."

நான் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"நான் தூங்கலைன்னுதான் எனக்குத் தோணுது. குடைக்கம்பியை முறுக்கினதுகூட நினைவிருக்கு. ஆனா ஊரே சொல்லும்போது, நாம நினைக்கறது சரிதானான்னு ஆயிடுது. என் காதை நானே நம்ப முடியாம இப்படி எத்தனை நாளைக்கு இருக்கறது? நீங்க இல்லைன்னு சொல்லுங்க, நான் தூங்கிட்டேன்னு ஒத்துக்கிட்டு அந்தப் பொண்ணு புருஷன் கால்ல விழுந்துடறேன். உண்டுன்னு சொல்லுங்க, கடைசி வரைக்கும் நின்னு பாக்கறேன்."

எங்கள் ஐந்தாவது கேள்வியையே அவர் கேட்பது போல இருந்தது.

"இல்லைண்ணே" என்றேன். "லைன் நல்லா இருந்துச்சு. நானே பாத்தேன்."

கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "வயசானா உக்காந்த வாக்குல கண்ணசந்துடும்ணே, நமக்கே தெரியாது" என்று நான்தான் சேர்த்துச் சொன்னேன். அதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க வாயால கேட்டப்புறம்தான் மனசு லேசாச்சு தம்பி" என்றார். வைத்திருந்த தண்ணீரை அப்போதுதான் குடித்தார். தெருமுனை வரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, அன்றுதான் முதல்முறையாக நான் நன்றாகத் தூங்கினேன், ஐயா.